மலை நகரத் தெருக்களில் ஆடைப் படப்பிடிப்பு: எங்கே, எப்போது, எப்படித் தேடுவது?

வவுனியாவில் சேலைகளும் கைத்தறிச் சட்டைகளும் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்துபவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: ஜூலை நடுப்பகுதியில் இரண்டு நாட்களை ஒதுக்கி, இரண்டு பெண் மாடல்களுடன் மலையகத்துக்கு வர நினைக்கிறேன், தேயிலை மலையும் நீர்வீழ்ச்சியும் ஒன்பது வளைவுப் பாலமும் எல்லோருடைய படங்களிலும் வந்துவிட்டன, எனக்கு மலை நகரம் ஒன்றின் தெருக்களே பின்னணியாக வேண்டும், எந்த நகரத்துக்கு, எந்த இடத்துக்குப் போகலாம்? கேள்வி இடங்களின் பெயர்களைக் கேட்பது போல் இருந்தாலும், அவருக்குத் தேவைப்படுவது மூன்று குணங்கள் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். துணியின் நிறமும் நெசவும் படத்தில் உள்ளபடி தெரிய வேண்டும். பார்த்தவுடன் இது மலைநாட்டு நகரம் என்பது புரிய வேண்டும். இரண்டு பெண்கள் அங்கே ஒரு மணி நேரமாவது தொல்லையில்லாமல் நின்று வேலை செய்ய வேண்டும். ஹட்டனில் இருந்துகொண்டு திருமணங்களையும் துணிக்கடைகளின் விளம்பரப் படங்களையும் நீண்ட காலமாக எடுத்துவரும் அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். வெளிச்சக் கருவிகளை லொறியில் ஏற்றிவரும் சினிமாக் குழுக்களின் வேலை வேறு. இந்தப் பதில், ஒரு கெமராவும், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் தட்டான ஒரு ரிஃப்ளெக்டரும், மூன்று நான்கு பேரும் உள்ள குழுவுக்கானது.

இடத்துக்கு முன் மாதத்தைப் பாருங்கள். மலையகம் முழுவதற்கும் ஒரே வானிலை என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் நடுவில் நிற்கும் மலைத்தொடர் அதை இரண்டு சரிவுகளாகப் பிரித்துவிடுகிறது. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தை நனைக்கிறது. அதே காற்று மலையைத் தாண்டி, கிழக்குச் சரிவான ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தை இழந்து வறண்டுவிடுவதால், பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை ஆகிய ஊர்களில் அந்த மாதங்களில் வெயில் கிடைக்கிறது. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை நிலைமை தலைகீழாகிறது: வடகீழ் பருவக்காற்று ஊவாவை நனைக்கும், மேற்குச் சரிவு ஜனவரி கடந்தால் தெளிந்து மார்ச் வரை அழகாக இருக்கும். இடையில் வரும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் எந்தச் சரிவென்றாலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்யக்கூடும் என்பதால் காலை வேளையை மட்டும் நம்ப வேண்டும். இது ஆண்டுதோறும் திரும்பும் ஒழுங்கு. இதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் குறித்த ஒரு நாளில் மழை பெய்யுமா என்பதை இந்த ஒழுங்கைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது. ஆகவே உங்களுடைய இரண்டு நாட்களில் ஒன்றை முழுவதும் திறந்தவெளியை நம்பித் திட்டமிடாதீர்கள்.

ஜூலை என்று நீங்கள் குறிப்பிட்டுவிட்டதால் என் பதில் தெளிவாகிறது. நுவரெலியாவை இம்முறை விட்டுவிடுங்கள். பண்டாரவளையில் தங்கி, ஒரு காலையை ஹப்புத்தளைக்கும் மறுநாளைப் பண்டாரவளைக்கும், நேரம் மிஞ்சினால் பதுளைக்கும் கொடுங்கள். நுவரெலியா அழகில் குறைந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஜூலையில் அங்கே சாரலும் குளிரும் நாள்கணக்கில் தொடரலாம். மெல்லிய பருத்திச் சேலை நனைந்தால் அதன் மடிப்பு விழும் விதமே மாறிவிடும், பிறகு அந்தச் சேலையை அன்று படம் எடுக்க முடியாது.

ஊரை முடிவு செய்த பின் இடத்தை எப்படித் தேடுவது என்பதில்தான் கூடுதலான கவனம் தேவை. மலை நகரம் எதுவாக இருந்தாலும் அதில் ஒரு மேல் வீதியும் ஒரு கீழ் வீதியும் இருக்கும். கடைத்தெருவும் பஸ் நிலையமும் பெரும்பாலும் கீழே இருக்கும். பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் பழைய பங்களாக்களும் தங்குவிடுதிகளும் மேலே இருக்கும். வருபவர்கள் எல்லோரும் கீழ் வீதியில் நின்று மலையைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் மின்கம்பிகளும் விளம்பரப் பலகைகளும் நிறுத்திவைத்த ஓட்டோக்களும் வந்து நிறைகின்றன. மேல் வீதியில் ஏறி, பள்ளத்துப் பக்கமாக உள்ள இடுப்பளவு மதிலருகே மாடலை நிறுத்திப் பாருங்கள். அவருக்குப் பின்னால் தகரக் கூரைகள் படிப்படியாக இறங்கும், அதற்கப்பால் அடுத்த மலை எழும்பும், கம்பிகள் கண் மட்டத்துக்குக் கீழே போய்விடும். நகரமும் மலையும் ஒரே சட்டகத்தில் வருவது அங்கேதான். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கண்டியிலும் நான் முதலில் தேடுவது இந்த மேல் வீதியையே. தொலைபேசியில் உள்ள வரைபடத்தைச் செய்மதிப் படமாக மாற்றி, பிரதான வீதிக்கு இணையாக மேலே வளைந்து போகும் சிறு வீதிகளைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியை, மாடல்கள் இல்லாமல், படம் எடுக்கப்போகும் அதே நேரத்தில் நடந்து பார்த்துத்தான் முடிக்க முடியும். முதல் நாள் மாலை வந்து சேர்ந்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் ஒருவர் மட்டும் அந்த வீதிகளில் ஒரு முறை நடப்பது போதுமானது.

இதோடு லென்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இடம் சரியாக இருந்தும் படம் ஏமாற்றுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது. தொலைபேசியிலும் அகன்ற லென்ஸிலும் மாடலை அருகில் நிறுத்தி எடுத்தால், கண்ணுக்குப் பிரமாண்டமாகத் தெரிந்த மலை படத்தில் தொலைவில் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். 85 அல்லது 135 மில்லிமீற்றர் லென்ஸைப் பூட்டிக்கொண்டு பின்னோக்கி நடந்து, மாடலை அதே அளவில் சட்டகத்துக்குள் கொண்டுவந்தால், பின்னணியில் உள்ள மலை அவரது தோளுக்குப் பின்னாலேயே எழுந்து நிற்பது போல் பெரிதாகும். ஆகவே மேல் வீதியைத் தெரிவு செய்யும்போது, நீங்கள் பின்வாங்கி நிற்பதற்கு இருபது முப்பது அடி நேரான இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகள் கண்ணுக்கு அழகாக இருந்தாலும் அங்கே பின்வாங்க இடமில்லை, வாகனம் வருவதும் தெரியாது; அவற்றைத் தவிருங்கள்.

அடுத்தது வெளிச்சம். இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் விறுவிறுவென்று மேலே ஏறிவிடுகிறது. ஐரோப்பியர்கள் எழுதும் குறிப்புகளில் வரும் நீண்ட பொன்னிற மாலை இங்கே இல்லை. நண்பகல் சூரியன் மிகத் தாழ்வாக நிற்கும் டிசம்பர் இறுதியில்கூட அது மலையகத்தில் 60 பாகை அளவு உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நேரே தலைக்கு மேல் வந்துவிடுகிறது. அப்போது எடுத்தால் கண்குழியில் கருநிழலும் மூக்குக்குக் கீழே மீசை போன்ற நிழலும் விழும். போதாததற்கு, பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர்களில் மாலைச் சூரியன் மறையும் நேரத்துக்கு வெகு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். ஆகவே காலை 6.15 முதல் 8.30 வரையிலான நேரத்தை உங்கள் நாளின் மிகப் பெறுமதியான பகுதியாக வைத்துக்கொண்டு, மாடல்களின் ஒப்பனை அதற்கு முன்பே முடிந்திருக்கும்படி அவர்களை எழுப்புங்கள்.

வெயில் ஏறிய பின்னும் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. விடிவதிலிருந்து மறைவது வரை வடக்குப் பக்கமாகவே வானத்தைக் கடக்கிறது. இதனால் கிழக்கு மேற்காக ஓடும் எந்தத் தெருவிலும், தெற்குப் பார்த்த கடை முகப்புகள் நாள் முழுவதும் நிழலில் இருக்கும். எதிர்ச்சாரியில் உள்ள வடக்குப் பார்த்த சுவர்கள் வெயிலை வாங்கி அந்த நிழலுக்குள் மென்மையாகத் திருப்பி அனுப்பும். எதிர்ச்சுவர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் விலை கொடுத்து வாங்கும் எந்த ரிஃப்ளெக்டரும் அதற்கு ஈடாகாது. இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் தெற்கு முகப்பில், சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி மாடலை நிறுத்தினால், ஜூலையில் நண்பகலிலும் முகத்தில் கருநிழல் இல்லாமல் எடுக்கலாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் வருபவர்கள் இதை அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும்: அப்போது வடக்குப் பார்த்த முகப்புகளே நிழலில் இருக்கும். இந்தக் கணக்கு வானவியல் சார்ந்தது என்பதால் மாறாது. தொலைபேசியில் உள்ள திசைகாட்டி ஒன்றே இதற்குப் போதும்.

இப்போது ஹப்புத்தளைக்கு வருகிறேன். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல், மலை முதுகொன்றின் மீது இருக்கும் அந்த ஊரைத் துணிப் படங்களுக்கு நான் பெரிதும் விரும்புகிறேன். கடைத்தெரு சட்டென்று முடிந்து, தெற்கே நிலம் அப்படியே சரிந்து, தாழ்நிலச் சமவெளி கண்ணுக்கெட்டிய வரை விரிவதைப் போன்ற காட்சி மலையகத்தின் வேறு நகரம் எதிலும் ஊருக்குள்ளேயே கிடைப்பதில்லை. ஜூலையில் தெற்கு நோக்கிக் கெமராவைத் திருப்பினால் காலைச் சூரியன் உங்களுக்கு இடப்பக்கத்திலிருந்தும் சற்றுப் பின்னாலிருந்தும் வருவதால், மாடலின் முகமும் பின்னணியும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். முகம் கறுத்து வானம் வெளுத்துப்போகும் தொல்லை இல்லை. ஆனால் சமவெளியிலிருந்து மேலேறும் ஈரக் காற்று பெரும்பாலும் முற்பகலிலேயே மூடுபனியாகி அந்தக் காட்சியை மறைத்துவிடும். பரந்த காட்சியை முதலில் எடுத்துவிட்டு, பனி ஏறிய பின் தெருவுக்குள் திரும்புங்கள். மூடுபனி வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்புவதால் அடர்நிறப் பட்டுக்கும் சரிகைக்கும் அதைவிட நல்ல நேரம் இல்லை. அங்கே காற்று பலமானது. முந்தானையின் ஓரத்தில் உட்புறமாகச் சிறு ஈயக் குண்டுகளையோ நாணயங்களையோ தைத்துவைத்தால் அது பறந்தாலும் அழகாகப் பறக்கும், முகத்தில் அடிக்காது. ஊருக்கு அருகிலுள்ள அடிஷாம் மாளிகையைப் பலர் பரிந்துரைப்பார்கள். தோமஸ் வில்லியர்ஸ் என்பவருக்காக 1931இல் கட்டப்பட்ட அந்தக் கருங்கல் வீடு இப்போது பெனடிக்ட் சபைத் துறவியரின் மடம். உள்ளே படம் எடுக்க அனுமதிப்பதில்லை, வணிகப் படப்பிடிப்புக்கு ஒரு மடத்தை நாடுவதும் முறையல்ல என்பது என் எண்ணம்.

பண்டாரவளை காட்சிக்காகப் பேசப்படும் ஊரல்ல, ஆனாலும் வேலைக்கு மிக வசதியானது. ஹப்புத்தளையை விடச் சற்றுத் தாழ்வாக, காற்று குறைந்து, நாள் முழுவதும் ஒரே சீரான வெளிச்சத்துடன் இருக்கும். 1893ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் பண்டாரவளை ஹோட்டலைப் போன்ற பழைய விடுதிகளின் விறாந்தைகளும் மர ஜன்னல்களும் கைத்தறித் துணிக்கு அளவெடுத்தது போல் பொருந்தும். முகாமையாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்துக்கும் கட்டணத்துக்கும் உடன்பட்டுப் போக வேண்டும். பதுளை இவற்றைவிட மிகத் தாழ்ந்த, வெப்பமான ஊர். நண்பகலில் ஒப்பனை வியர்வையில் கரைந்துவிடும். இருந்தாலும் எண்கோண வடிவில் நிற்கும் பழைய வெலேகடைச் சந்தைக் கட்டடம் காலை வேளையில் வேறெங்கும் காணாத ஒரு பின்னணி. 1924இல் பாதை வந்து முடிந்த பதுளைப் புகையிரத நிலையத்துக்கும் அதே வகையான பழமை இருக்கிறது, ஆனால் நிலையங்களைப் பற்றிக் கீழே சொல்வதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எல்ல என்னும் ஊர் நகரமல்ல, ஜூலையில் உல்லாசப் பயணிகளின் கூட்டமும் அதிகம்; தவிர்க்கலாம்.

வேறு மாதங்களில் வருபவர்களுக்காகக் கண்டியையும் நுவரெலியாவையும் பற்றி. கண்டியின் வாவியை ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் அமைப்பித்தான். அதன் கரையில் ஓடும் வெள்ளை மேகச் சுவர், முக்கோணத் துளைகளும் அலைபோன்ற மேல்விளிம்புமாய், மலையகத்தில் நான் பார்த்த சுவர்களில் துணிக்கு மிக அழகாகப் பொருந்துவது. வெறும் வெள்ளை என்பதால் எந்த நிறச் சேலையும் அதன் முன் தனித்துத் தெரியும். ஞாயிறு அதிகாலையில், வாகனங்கள் பெருகுமுன், தலதா மாளிகைக்கு எதிர்க்கரையில் மரநிழல் உள்ள பகுதியில் நின்றால் வாவியும் நகரமும் பின்னால் வரும். போயா தினங்களிலும் எசல பெரஹரா நடைபெறும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களிலும் அங்கே படப்பிடிப்பு வேண்டாம். 1894இல் கட்டப்பட்ட நுவரெலியாத் தபால் நிலையத்தின் செங்கற் சுவரும், 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டிப் பெயரிடப்பட்ட பூங்காவும் பெப்ரவரி, மார்ச்சில் மிக நன்றாக இருக்கும். ஏப்ரல் வசந்த காலத்தில் பூக்கள் இருக்கும், ஆனால் நிற்க இடமிருக்காது. ஹட்டனுக்கு வருவதானால், டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதையும் வார இறுதிகளில் ஊர் யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கம்பளைக்கு அருகிலுள்ள அம்புளுவாவக் கோபுரத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 48 மீற்றர் உயரத்தைச் சுற்றி ஏறும் அந்தப் படிகள் மேலே போகப்போக ஒருவர் உடம்பு நுழையும் அளவுக்குக் குறுகுகின்றன. காற்றில் சேலையுடன் ஒரு பெண்ணை அங்கே ஏறச் சொல்லக் கூடாது. உங்கள் ஊரிலிருந்து வரும் வழியிலேயே உள்ள மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரம் பட்டுச் சேலைக்கு இயல்பான பின்னணி. வெளிவீதியில் நின்று எடுப்பதற்கும் நிர்வாகத்தினரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே மரியாதை.

துணி விற்பவர் என்பதால் நிறத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டும், மலையகம் அதில் ஒரு தனித் தொல்லை கொடுக்கிறது. எங்கும் பச்சை, அந்தப் பச்சை வெயிலை வாங்கித் தாடையின் கீழும் கழுத்திலும் வெள்ளைத் துணியின் மடிப்புகளிலும் பச்சை நிறத்தை ஏற்றிவிடுகிறது. தேயிலைச் செடிகளுக்கு நடுவிலோ புல்தரையிலோ நின்றால் இது மிக அதிகம். தார் வீதி, கருங்கற் படி, சீமெந்துத் தரை ஆகியவற்றில் நிற்க வைத்துப் பச்சையைத் தொலைவில் மட்டும் வைத்துக்கொண்டால் தோலும் துணியும் உள்ளபடி இருக்கும். நகரத் தெருவைப் பின்னணியாகத் தேர்ந்தது இந்த ஒரு காரணத்துக்காகவே சரியான முடிவு. செங்கற் சுவருக்கும் இதே குணம் உண்டு: ஒட்டி நின்றால் தோல் சிவக்கும், ஆறு ஏழு அடி தள்ளி நின்றால் சுவர் அழகாகவும் முகம் இயல்பாகவும் இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் முதல் படமாக ஒரு சாம்பல் நிற அட்டையையோ வெறும் வெள்ளைத் தாளையோ மாடலின் கையில் கொடுத்து எடுத்துக்கொண்டு, பின்னால் அதை வைத்து மற்றப் படங்களின் நிறத்தைச் சரிசெய்யுங்கள். வாங்கியவர் கையில் சேலை வேறு நிறமாக இருக்கிறது என்ற முறைப்பாடு பின்னால் வராமல் இருக்க அதுவே வழி.

அனுமதி விடயத்தில், கையில் கெமராவுடன் பொதுத் தெருவோரத்தில் நின்று எடுக்கும் சிறு குழுவை மலையக நகரங்களில் பொதுவாக எவரும் தடுப்பதில்லை என்பது என் அனுபவம். அதைச் சட்டம் கொடுத்த உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விளக்குத் தாங்கிகளை நடைபாதையில் ஊன்றினாலோ போக்குவரத்துக்கு இடையூறு வந்தாலோ பொலிஸாரும் நகர சபையும் கேட்பார்கள், கேட்பது நியாயமும் கூட. புகையிரதப் பாதையில் இறங்கி நடப்பது சட்டப்படி குற்றம். ஹப்புத்தளையில் கடைகளை ஒட்டியே பாதை போவதாலும் ஊர்மக்கள் அதில் நடப்பதாலும் அது ஆபத்தில்லாதது போல் தோன்றும். மூடுபனியில் வண்டி வருவது கடைசி நொடியில்தான் தெரியும். 1921இல் கட்டி முடிக்கப்பட்ட, 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை நீங்கள் வேண்டாம் என்று வைத்ததை இதற்காகவும் வரவேற்கிறேன். நிலையங்களுக்குள் விளம்பரப் படம் எடுக்கப் புகையிரதத் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும். பேராதனைப் பூங்காவில் திருமண, விளம்பரப் படங்களுக்குத் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு; தொகை அவ்வப்போது மாறும் என்பதால் நான் எதையும் எழுதவில்லை, நேரே கேட்டுக்கொள்ளுங்கள். அணைக்கட்டுகள், மின்நிலையங்கள், இராணுவ முகாம்கள் பின்னணியில் வரக்கூடாது. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். விகாரைகளிலும் தொல்பொருட் சின்னங்களிலும் மாடல்களை நிறுத்தவே வேண்டாம்; புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நிற்பதும் தூபிகளில் ஏறுவதும் ஆழ்ந்த அவமதிப்பாகக் கொள்ளப்படுகின்றன. 2019இல் கிரலாகலவில் தூபி ஒன்றின் மேல் ஏறி நின்று படமெடுத்த பல்கலைக்கழக மாணவர்கள் கைது செய்யப்பட்டு மறியலில் வைக்கப்பட்டார்கள். தமிழ் பேசுபவர்களான நாம் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், பொது இடங்களைத் தேடி அலைவதைவிட, மேல் வீதியில் பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி உள்ள ஒரு விடுதி அறையை இரண்டு நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பதே உங்கள் பணத்துக்கான சிறந்த பயன் என்பேன். பெண்கள் உடை மாற்றக் கதவு பூட்டும் அறை கிடைக்கும். வான் வண்டியின் பின்னிருக்கையில் துணியைப் பிடித்துக்கொண்டு உடை மாற்றச் சொல்வது எந்த மாடலுக்கும் செய்யக்கூடாதது. மழை வந்தால் விறாந்தையிலும் ஜன்னலோரத்திலும் வேலை தொடரும். படப்பிடிப்பு என்பதை அறை ஒதுக்கும்போதே சொல்லி உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். குழுவில் மாடல்களைத் தவிர இன்னொரு பெண்ணும் இருக்கட்டும்; தெருவில் ஆட்கள் கூடினால் படம் எடுப்பவருக்கு அது தெரியாது, அருகில் நிற்பவருக்கே தெரியும், அவர் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். விடியற்காலைக் குளிரில் மெல்லிய ரவிக்கையுடன் நிற்பவருக்குக் கையில் மயிர்க்கூச்செறியும், மூக்கு சிவக்கும். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் போர்த்திக்கொள்ளக் கம்பளிச் சால்வையும் குடுவையில் சுடுநீரும் கொண்டுபோங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தெருவில் எடுப்பதாக வருபவர்களும் வழியில் தேயிலை மலையைக் கண்டதும் வான் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். தோட்டம் என்பது கம்பனியின் நிலமும் எங்கள் மக்களின் வேலைத்தளமும் ஆகும். முகாமையாளரின் அனுமதியில்லாமல் மலைக்குள் இறங்கக் கூடாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் அன்றைய வருமானம் அவர் பறிக்கும் கிலோவைப் பொறுத்தது. உங்கள் மாடலுக்குப் பின்னால் அவரைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் அந்தப் பத்து நிமிடத்தின் கொழுந்தை அவருக்கு யாரும் கொடுப்பதில்லை. அவரைப் படத்தில் சேர்க்க விரும்பினால், முதலில் அவரைக் கேளுங்கள், எதற்குப் பயன்படும் படம் என்பதைச் சொல்லுங்கள், சம்மதித்தால் மாடலுக்குக் கொடுப்பது போலவே அவரது நேரத்துக்கும் பணம் கொடுத்து, அதே சம்மதப் படிவத்தில் அவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளின் சுவரையும் வாசலையும் பழமையான பின்னணி என்று பயன்படுத்த வேண்டாம். இருநூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் உழைத்தும் சொந்த நிலமும் வீடும் கேட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் அந்த வாசல்களுக்குள் இருக்கின்றன. அவற்றை விலையுயர்ந்த சேலைக்கு அலங்காரமாக்குவதை என்னால் ஏற்க முடியாது. மாடல்களுக்கான சம்மதப் படிவத்தில் படங்கள் எங்கே, எவ்வளவு காலம் பயன்படும் என்பதைத் தமிழில் எழுதி, புறப்படுமுன் வவுனியாவிலேயே கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். புறப்படும் நாளன்று வானிலை அறிக்கையோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்து, பதுளை மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.